பூசணிக்காய் போக மீதி

பெல்மதுளைச் சந்தியில் நிம்மதியான தூக்கம் ஒரு டின் ஆயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும். மர்சூக்கின் ஹார்ட்வெயார் கடையில், பெயின்ட் வாளிகளுக்குக் கீழ்த்தட்டில் அடுக்கியிருக்கிறது. கறுப்பாக, களி மாதிரி இருக்கும். கூரைத் தகரத்தில் ஓட்டையைக் கண்டால் அப்பிவிட வேண்டியது, மழை வந்தால் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டியது. அவ்வளவுதான்.

கஜேந்திரன் அந்தத் தூக்கத்தை நான்கு டின் வாங்கிவிட்டான். ஐந்தாம் முறை ஆட்டோவைக் கடை வாசலில் நிறுத்தியபோது அவன் கையில் காலி டின்கள் இருந்தன. நான்கையும் மேசைமேல் வரிசையாக வைத்து, மர்சூக்கை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டான்.

“நானா, இதுகள எடுத்துக்கிட்டு காசத் தாங்க.”

மர்சூக் கணக்கு மெஷினிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “என்னா தம்பி, சோத்துப் பார்சல தின்டு முடிச்சிட்டு தாளக் கொண்டுவந்து காசு கேக்கீங்க?”

“சோறு வயித்துல நின்னாத்தானே காசு? எங்க வீட்டுல ஒழுகுறது இன்னும் நிக்கலையே. ஒரு எடத்துல அடைச்சா பக்கத்துல ஒழுகுது. அங்க அடைச்சா கட்டிலுக்கு மேல ஒழுகுது.”

“அப்ப கட்டில நகத்துங்க.”

“நகத்திட்டேன். போன ஞாயித்துக்கெழமை சம்பந்தியம்மாவோட தேத்தண்ணிக் கோப்பையில விழுந்துச்சு.”

இப்போதுதான் மர்சூக் நிமிர்ந்தார். தேத்தண்ணியில் விழுந்த சொட்டு சாதாரணச் சொட்டில்லை என்பது மூன்று மகள்களைக் கட்டிக்கொடுத்த அவருக்குத் தெரியும்.

கஜேந்திரனின் மகள் நிரோஷா எம்பிலிப்பிட்டியவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தலைப்பிரசவம், ஏழாம் மாதம். வரும் ஞாயிற்றுக்கிழமை தாய் வீட்டில் வளைகாப்பு; அப்படியே பிரசவம் வரைக்கும் அங்கேயே தங்குவது என்று பேச்சு. அதைப் பேசி முடிக்க வந்த மாமியார் சுப்பம்மாவின் கோப்பையில்தான் கூரை கையெழுத்துப் போட்டது. சுப்பம்மா கோப்பையைப் பார்த்தாள். மேலே பார்த்தாள்.

“தேத்தண்ணி கடுப்பா இருக்குன்னு மேலேர்ந்து கலக்குறீங்களா சம்பந்தி?” என்று சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: “ஞாயித்துக்கெழமை வருவோம். கூரைய பாத்துட்டுத்தான் புள்ளைய விடுறதா, கூட்டிட்டுப் போறதான்னு சொல்லுவேன். தப்பா நெனக்காதீங்க. பச்சப் புள்ள மேல மழை பேயக் கூடாது பாருங்க.”

அன்றிலிருந்து கஜேந்திரனின் மனைவி விஜயகலா வீட்டில் சரியாகப் பேசுவதில்லை. பழைய நூல் சேலைகளைக் கிழித்து, அவித்து, பிள்ளைத் துணியாக மடித்து வைத்திருந்தாள். எம்பிலிப்பிட்டியவில் மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போனால் தேயிலை மலையில் கொழுந்து பறிக்கிற நாளுக்குப் பேர் விழாது, சம்பளம் போகும். போகாவிட்டால் மகள், மரக்கறி வியாபாரம் செய்கிற மாமியார் வீட்டில் மூட்டைகளுக்கு நடுவே தனியாகப் படுத்திருப்பாள். தோட்டத்து ஆபீஸில் கூரையைப் பற்றிச் சொல்லியாயிற்று. மேலே எழுதியிருக்கிறோம் என்றார்கள். மேலே என்றால் எது என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கதையைக் கேட்ட மர்சூக் காலி டின் ஒன்றைத் தூக்கி அடியைப் பார்த்தார்.

“சரி தம்பி, ஒரு பேச்சுப் பேசுவம். நானே வந்து பாக்கேன். டின்னுல பிழை ஈந்தா நாலு டின் காசும் கையில. கூரையில பிழை ஈந்தா, வேண்டிய சாமான் எல்லாம் என்ட கடையில, நான் செல்ற விலைக்கு.”

“நீங்க சொல்ற விலைக்கா? அடுத்த கடைக்காரர் சொல்ற விலைக்கு.”

“அவன் சாமானும் அப்படித்தான், விலையும் அப்படித்தான். ரெண்டுக்கும் நடுவுல.”

“நடுவுல. ஆனா ஆட்டோக் கூலி தனி.”

“நான் ஒங்களுக்கு ஒதவி செய்ய வாறேன், என்கிட்டயே கூலியா?” என்று மர்சூக் மனம் நிறைந்து சிரித்தார். பேரம் பேசத் தெரிந்தவனோடு போகிற பயணம் அலுக்காது.

தோட்டத்து லயத்தில் வரிசையாக ஆறு காம்பராக்கள், காம்பராவுக்கு ஒரு குடும்பம், ஆறுக்கும் ஒரே கூரை. கஜேந்திரனுடையது நான்காவது. ஆட்டோவிலிருந்து இறங்கிய மர்சூக் வீட்டுக்குள் போகவில்லை. லயத்தின் கோடியில் போய் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கூரையின் முகட்டை நீளத்துக்குப் பார்த்தார். முதல் மூன்று காம்பராக்களுக்கு முகடு நேராக ஓடியது. நான்காவதில், ஈரச் சேலை போட்ட கொடிக்கயிறு மாதிரி இறங்கி, ஐந்தாவதைத் தாண்டி மறுபடி ஏறியது.

“தம்பி, கூரைக்கு மேல என்னா அது, தோட்டமா?”

தோட்டம்தான். காற்றுக்குத் தகரம் தூக்காமலிருக்க எல்லாரும் கூரைமேல் பாரம் வைப்பார்கள். கல், மணல் மூட்டை, உடைந்த அம்மி. ஆட்டோ ஓட்டுகிறவனுக்குப் பழைய டயருக்குப் பஞ்சமில்லை. போன வருஷம் டெங்கு பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர், பீ.எச்.ஐ. ஐயா, டயரில் தண்ணீர் நின்றால் வழக்குப் போடுவேன் என்று சிங்களத்தில் விரலை ஆட்டிவிட்டுப் போனார். டயரை இறக்கினால் தகரம் பறக்கும்; இறக்காவிட்டால் வழக்கு. கஜேந்திரன் யோசித்து, ஒவ்வொரு டயரிலும் மண்ணை நிரப்பிக் கெட்டித்தான். தண்ணீர் நிற்கவில்லை. பீ.எச்.ஐ. ஐயாவே மெச்சினார். மண்ணைச் சும்மா விடுவானேன் என்று விஜயகலா அதில் கறிக்கு உறைப்பாகக் கொச்சிக்காய் நட்டாள். வாசலில் ஊன்றிய பூசணிக்கொடியும் ஏறி, டயர்களைச் சுற்றிக்கொண்டு பக்கத்துக் கூரைக்குப் போய், அங்கே ஒரு பெரிய காயைப் பெற்றுப் போட்டிருந்தது.

விஜயகலா கதவைத் தள்ளித் திறந்தாள். கதவு முனகியது.

“இது சித்திரையிலேர்ந்து மூட மாட்டேங்குது நானா. இவரு அடியில சீவிச் சீவி எலி போற அளவுக்கு ஆக்கிட்டாரு. அப்பவும் மேல இடிக்குது.”

“அடியில சீவி என்னாம்மா பலன்? கதவு வளரல்ல. மேல நெல எறங்கிட்டு வருது.”

உள்ளே கூரைக்கு அடியில் உரப்பைகளைத் தைத்துக் கட்டியிருந்தார்கள். மர்சூக் ஒரு மூலையை அவிழ்க்கச் சொல்லி, கட்டில்மேல் ஏறி, டோர்ச் அடித்தார். முகட்டிலிருந்து சுவருக்கு இறங்கும் கைமரம் ஒன்றில் நீளமாக வெடிப்பு. வெடிப்புக்குள் மரம் வெளுப்பாக இருந்தது, புது வெடிப்பு. சுவரில் உட்காரும் நுனியில் கடைச் சாவியை வைத்து அழுத்தினார். கேக்கில் போவது போல் சாவி பாதிக்கு உள்ளே போயிற்று.

குருவிட்டப் பக்கம் மாணிக்கக் குழி ஒன்றில் வாலிபத்தில் பங்கு வைத்து, குழிக்குள் முட்டுக் கொடுத்த மரங்களுக்கு அடியில் இரண்டு வருஷம் நின்றவர் மர்சூக். கல் ஒன்றும் கிடைக்கவில்லை. எந்த மரம் எப்போது ஒடியும் என்பது மட்டும் கிடைத்தது.

அவர் கட்டிலிலிருந்து மெதுவாக இறங்கினார். முகத்தில் பகிடிச் சிரிப்பு போய்விட்டிருந்தது.

“மொதல்ல இந்தக் கட்டில இழுங்க. இன்டைக்கு யாரும் இதுக்குக் கீழ படுக்கக் கூடாது.” கட்டில் நகர்ந்த பிறகுதான் பேசினார். “காத்துக்குத் தகரம் தூக்குதுன்னு டயர் வச்சீங்க. தண்ணி நிக்கிதுன்னு மண்ணு போட்டீங்க. மண்ணு மழையக் குடிச்சிக் கனத்திச்சி. கனத்துக்கு மரம் வளஞ்சிச்சி. மரம் வளஞ்சா தகரமும் தகரமும் சேர்ற எடம் வாயத் தொறக்கும், ஒழுகும். ஒழுகினவுடனே நீங்க என்னா செஞ்சீங்க?”

கஜேந்திரன் தரையைப் பார்த்தான். “தகரம் தூக்கிருச்சாக்கும்னு இன்னொரு டயர் வச்சேன்.”

“என்ட டின்னுல பிழை ஈக்கா?”

“இல்ல நானா.”

விஜயகலா கூரையைப் பார்த்தபடி நின்றாள். “இதுக்குக் கீழயா எம் புள்ளையப் படுக்க வைக்கப் பாத்தோம்?” என்றாள், யாரிடமும் இல்லாமல்.

டயர்களை இறக்குவது சுலபம். சிக்கல் ஐந்தாம் காம்பராவில் இருந்தது. முகட்டு மரம் இரண்டு வீட்டுக்கும் ஒன்றே; ஒரு பக்கம் பாரத்தை எடுத்து மறுபக்கம் விட்டால் மரம் முறுக்கிக்கொள்ளும். ஐந்தாம் காம்பராவில் ரப்பர் பால் வெட்டும் பழனியாண்டி இருந்தார். அவர் கூரையில் மணல் மூட்டைகளும், அவற்றுக்கு நடுவே சாய்ந்து படுத்தாற்போல் அந்தப் பூசணிக்காயும் இருந்தன.

“என் கூரை, என் மூட்டை,” என்றார் பழனியாண்டி. “எறக்கச் சொன்னா எறக்கிர்றதா? அந்தப் பூசணி மூணு மாசமா எங் கூரையில படுத்திருக்கு. வாடகை தந்தீங்களா?”

“ஊன்டினது நானு. தண்ணி ஊத்தினது நானு,” என்றாள் விஜயகலா.

“காச்சது எங்கிட்ட. அதுக்கே எங்க இருக்கணும்னு தெரிஞ்சிருக்கு.”

அந்தக் காயை அவள் வளைகாப்புச் சமையலுக்கு வைத்திருந்தாள். ஆட்டோக்காரன் பெண்சாதி வீட்டுப் பூசணியா இது என்று சுப்பம்மா கேட்க வேண்டும் என்பதற்காகவே வைத்திருந்தாள். இது லயம் முழுக்கத் தெரியும். பழனியாண்டிக்கும் தெரியும்.

மர்சூக் முன்னே வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தம் கையின் மேல் போட்டார். இரத்தினபுரியில் கல் விற்கிறவர்கள் விலை பேசுவது இப்படித்தான். சுற்றி நிற்கிறவன் கண்ணுக்குத் தெரியாமல், துணிக்கடியில் விரலைப் பிடித்து. பழனியாண்டிக்கு முகம் மலர்ந்தது. இப்படி ஒரு மரியாதை பூசணிக்காய்க்குக் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. துண்டுக்கடியில் கையை விட்டு மர்சூக்கின் ஒரு விரலை முழுதாகப் பிடித்தார்: முழுக் காய். மர்சூக் அந்த விரலை நடுவில் மடக்கினார்: பாதி. பழனியாண்டி நிமிர்த்தினார். மர்சூக் மறுபடி மடக்கினார். துண்டு கோழிக்குஞ்சைப் பிடித்து வைத்தது போல் குதித்தது.

“துண்ட எடுங்க,” என்றாள் விஜயகலா. குரல் உயரவில்லை. “முழுசா எடுத்துக்குங்கண்ணே. கொச்சிக்காயும் வேணும்னா பறிச்சுக்குங்க. எம் புள்ள வீட்டுக்கு வரணும்.”

துண்டு அடங்கியது. எதிராளி பேரம் பேசாவிட்டால் ஜெயித்தது ருசிப்பதில்லை. பழனியாண்டி கையை வெளியே எடுத்து, வேட்டியில் துடைத்தார்.

“ஏணி எங்க கெடக்கு?” என்று கேட்டார்.

கஜேந்திரன் சாமானுக்கு ஐயாயிரம் முன்பணம் கட்ட, வேலை வெள்ளிக்கிழமை தொடங்கி சனிக்கிழமை சாய்ந்தரம் முடிந்தது. முதலில் இரண்டு பக்கமும் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சமமாக இறக்கினார்கள். பிறகு தரையில் பலகை போட்டு, அதன்மேல் மர்சூக் கொண்டுவந்த, பாரம் தூக்கும் லொறி ஜக்கை வைத்து, அதற்கு மேல் ஒரு தடித்த மரத்தை நிறுத்தி முகட்டுக்கு முட்டுக் கொடுத்தார்கள். கஜேந்திரன் ஜக்கைச் சரசரவென்று அடிக்கப் போனான்.

“டயரா மாத்துறீங்க?” மர்சூக் அவன் கையைத் தட்டினார். “பல மாசமா எறங்கினத ஒரு நிமிசத்துல தூக்கினா செவரு வெடிச்சிரும். ஒரு அடி அடிங்க, மூச்சு விடுங்க. தங்கச்சி, நீங்க கதவுகிட்ட நில்லுங்க. மூடி மூடிப் பாருங்க.”

அப்படியே நடந்தது. கஜேந்திரன் ஓர் அடி அடிப்பான். மரம் முனகும். எல்லாரும் சும்மா நிற்பார்கள். விஜயகலா கதவை மூடுவாள்.

“இடிக்குது.”

இன்னொரு அடி.

“இடிக்குது.”

பழனியாண்டி முகட்டுக்குப் பக்கத்தில் ஏணியில் நின்றுகொண்டு, “கொஞ்சம் அழுத்தி மூடித்தான் பாரேன்” என்றார். “நீங்க கீழ வந்து மூடுங்கண்ணே, நான் மேல ஏறி யோசனை சொல்றேன்” என்றாள். சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால், கதவு சத்தமில்லாமல் போய் நிலையில் பொருந்தியது. அவள் திறந்து மறுபடி மூடினாள். வேண்டுமென்றே இன்னொரு தரமும் மூடினாள்.

“போதும்,” என்றார் மர்சூக்.

உக்கிய நுனியை வெட்டியெடுத்து, வெடித்த கைமரத்துக்கு இரு பக்கமும் புதுச் சட்டம் வைத்து போல்ட் முறுக்கினார்கள். தகரத்தை ஒன்றின்மேல் ஒன்று நன்றாக ஏற்றிப் போட்டார்கள். முன்பு ஆணிகள் தகரத்தின் பள்ளத்தில் அடித்திருந்தன, தண்ணீர் ஓடுகிற வழியிலேயே. இப்போது மேட்டில், ரப்பர் வாஷர் வைத்துத் திருகாணி. காற்றுக்குப் பாரம் வேண்டாம். மரத்தையும் சுவரையும் சேர்த்து இரும்புப் பட்டியால் கட்டியாயிற்று. டயர்கள் வாசலில் வரிசையாக இறங்கி, கொச்சிக்காயோடு உட்கார்ந்தன.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. சுப்பம்மா நனைந்த குடையை மடக்கிவிட்டு உள்ளே வந்தாள். நாற்காலியைத் தானே இழுத்து, போன வாரம் சொட்டு விழுந்த அதே இடத்தில் போட்டு உட்கார்ந்தாள். தேத்தண்ணிக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தகரத்தில் மழை கொட்டியது. விஜயகலா கோப்பையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோப்பையில் ஆடை கட்டியது. வேறொன்றும் விழவில்லை.

“ஆறிப் போச்சு சம்பந்தி,” என்று சுப்பம்மா கோப்பையை நீட்டினாள். “சூடா ஒண்ணு போடுங்க. அப்புறம், புள்ளையோட துணிப்பை வேன்ல கெடக்கு. ஆள விட்டு எறக்குங்க. நனையப் போகுது.”

பையைக் கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறாள்! விஜயகலா அடுப்பங்கரைக்கு ஓடி, கொஞ்ச நேரம் தேயிலை டின்னைத் தேடுகிற மாதிரி நின்றாள். நிரோஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, மழைச்சாரலுக்குக் கதவை ஒரு விரலால் மூடினாள். அதைத் தள்ளி மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்பதை அவள் கவனிக்கக்கூட இல்லை. பந்தியில் பூசணிக்காய்க் கூட்டு இருந்தது. பழனியாண்டி வீட்டிலிருந்து ஒரு சட்டி நிறைய வந்திருந்தது. சுப்பம்மா இரண்டாம் தரம் வாங்கினாள். “யாரு வீட்டுக் காயி?” என்றாள். “எங்க வீட்டு,” என்று இரண்டு வாசல்களிலிருந்து பதில் வந்தது.

வளைகாப்புக்கு வந்திருந்த மர்சூக் சாப்பிட்டு எழுந்து, சட்டைப் பையிலிருந்து பில்லை எடுத்தார். கஜேந்திரன் வரிவரியாகப் பேரம் பேசி, கடைசியில் இப்படி முடிந்தது:

புதுச் சட்டம் இரண்டு: 7,200.
போல்ட், திருகாணி, வாஷர்: 3,650.
இரும்புப் பட்டி: 1,900.
கூட்டு: 12,750.
ஆட்டோக் கூலி கழிவு: 1,600.
முன்பணம் கழிவு: 5,000.
பாக்கி: 6,150, தீபாவளிக்குள்.
காலி டின் நான்கு: பிழையில்லை, காசில்லை.
ஐந்தாவது டின்: விற்கவில்லை. மர்சூக்கின் நட்டம் 1,850.
பூசணிக்காய்: முழுதாகக் கொடுத்தது ஒன்று, கூட்டாகத் திரும்பி வந்தது பாதி. கணக்கு நேர்.
பிள்ளை பிறந்தால் மர்சூக் வீட்டுக்கு இனிப்பு: ஒரு பெட்டி. கஜேந்திரன் விரலை மடக்கிப் பார்த்தான், மர்சூக் நிமிர்த்திவிட்டார். அது இன்னும் பாக்கி.