இசட் ராக்

ட்ருகனினா புறநகரிலுள்ள கிடங்கில், பெல்ட் பூட்டு தானாகக் கழன்றுகொள்கிறது என்று திரும்பி வந்த குழந்தைக் கார் இருக்கைகளை இசட் ராக் என்ற ஓரத்து அடுக்கில் போட்டு வைப்பார்கள். கணினிக்கு அதுவும் இருப்புதான். தொடக் கூடாதென்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் அதைக் கணினியில் பதியவில்லை.

போன வாரம், கணினி வேலை பார்க்கும் அருமைநாதன் அந்தக் கணினியை இணையக் கடையோடு இணைத்தான். இன்று விற்பனைப் பட்டியலைத் திறந்து பார்த்தான். நல்ல இருக்கைகள் எப்போதோ தீர்ந்திருந்தன. விற்பனை மட்டும் நிற்கவில்லை. கிடங்கு மேற்பார்வையாளரிடம் ஓடினான்.

"வீரப்பன் அண்ணை, இசட்டிலயிருந்து ஏதும் போனதோ?"

"ஆமா. ஆர்டர் துண்டுல இசட்னு வந்துச்சு, புதுப் பசங்க எடுத்து பேக் பண்ணிட்டாங்க. நீதானப்பா அனுப்பினே?"

"நான் அனுப்பேல்லை. அது தானா வித்திருக்கு."

"அப்ப அதையே போன் பண்ணச் சொல்லு."

அருமைநாதன் முதல் வாடிக்கையாளரை அழைத்தான். ஒரு பெண் எடுத்தாள். நெடுஞ்சாலை இரைச்சலுக்கு நடுவே ஒரு குழந்தை சிணுங்கியது. இருக்கையின் பூட்டு கழன்றுவிடும், உடனே காரை நிறுத்துங்கள் என்றான். இங்கே நிறுத்த முடியாது, அடுத்த திருப்பத்தில் பார்க்கிறேன் என்றாள் அவள்.

அந்தச் சிணுங்கல் நின்றுவிடக் கூடாதே என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தான்.