இருக்கக் கூடாத மூன்று வோல்ட்

நாற்காலி நேற்றே வந்து இறங்கிவிட்டது. குஷன் வைத்த சுழல் நாற்காலி. பட்டறையின் முன்னறையில் டெலிபோன் மேசைக்குப் பின்னால் அதைப் போட்டுவிட்டு, "இனி நீ வயரைத் தொட வேண்டாம். ஜம்முனு உட்கார்ந்து போன் எடுத்தா போதும்," என்றான் அண்ணன். தங்கச்சிக்குச் சிம்மாசனமே வாங்கிக் கொடுத்துவிட்ட பெருமை அவன் முகத்தில். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பா விட்டுப்போன கார் பட்டறை அது. பெயின்ட் அண்ணனுக்கு, வயரிங் அவளுக்கு என்று பத்து வருஷமாக ஓடுகிறது. ஆனால் இந்த மூன்று மாதத்தில் அவள் ஆம்ப்ளிஃபயர் வைத்துக் கொடுத்த நாலு கார்கள் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் ஒரே புகார். மெதுவாக வைத்தால் பாடுகிறது. சத்தத்தைக் கூட்டினால், டிரம் அடி விழுந்ததும் ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்து பாட்டு செத்துப்போகிறது. தேவையான கரண்ட் போய்ச் சேரவில்லை. அந்த நாலு வண்டியையும் அண்ணன் அவள் கண்ணில் காட்டவே இல்லை. தானே பெரிய பேட்டரியாக மாற்றிப் பார்த்தான், அப்படியும் சரியாகவில்லை. பொம்பளை கட்டின வயர் அப்படித்தான் இருக்கும் என்று தெரு முழுக்கப் பேச்சு.

இன்றைக்கு ஐந்தாவது. பல் டாக்டரின் நீலக் கார்.

"பெரிய பேட்டரி போட்டுடலாம் சார்," என்று ஆரம்பித்தான் அண்ணன்.

"கட்டினவங்களே பிரிச்சுப் பாக்கட்டும். நான் வச்ச பல்லு ஆடினா நான்தானே பாக்கணும்?" என்றார் டாக்டர்.

அண்ணன் மறுபேச்சுப் பேசுவதற்குள் அவள் மீட்டரோடு வண்டிக்குள் ஏறிவிட்டாள்.

"இதுவும் சரியா வரலைன்னா நாற்காலிதான். சொல்லிட்டேன்."

"வந்துச்சுன்னா?"



எஞ்சினை ஓடவிட்டு, டாக்டரைப் பாட்டைக் கூட்டச் சொன்னாள். பேட்டரியில் பதினாலு வோல்ட். ஆம்ப்ளிஃபயரிலோ டிரம் விழும்போதெல்லாம் பதினொன்று. நடுவழியில் மூன்று வோல்ட்டை எவனோ விழுங்குகிறான். பேட்டரியிலிருந்து வரும் சிவப்பு வயரைச் சோதித்தாள். விரல் தடிமனுள்ள செம்பு, அதில் ஒரு குறையும் இல்லை. மிச்சம் கரண்ட் திரும்பிப் போகும் வழி. அந்தக் கறுப்பு வயரைப் பின்சீட்டுக்கு அடியில் காரின் தகரத்தில் ஒரு போல்ட் போட்டு முடுக்கியிருந்தாள். மீட்டரின் ஒரு முனையை வயரிலும் மறுமுனையைத் தகரத்திலும் வைத்தாள். சைபர் காட்ட வேண்டிய இடத்தில் மூன்று.

பாட்டை நிறுத்தி போல்ட்டைக் கழற்றினாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அவள் பளபளவென்று விட்டுவைத்த தகரம், இப்போது நீலமாக இருந்தது. ஒரு பிசிறு இல்லை, ஒரு சொட்டு வழியவில்லை. அந்தக் கைவேலையை அவளுக்குத் தெரியாதா?

"அண்ணா, இங்க எதுக்குப் பெயின்ட் அடிச்சே?"

"தகரம் பல்லிளிச்சுக்கிட்டு இருந்துச்சு. துருப்பிடிக்காதா? கழட்டி ஒரு கோட்டிங் குடுத்து, காஞ்சதும் முடுக்கிட்டேன். போல்ட்டு இரும்புதானே?"

"அந்தப் போல்ட்டு மரை வழியா எவ்வளவு கரண்ட் போகும்? மெதுவாப் பாட அது போதும். கத்திப் பாடப் போதாது. நான் சோதிச்சு முடிச்ச பிறகா அடிச்சே?"

"இப்ப மூணு மாசமா டெலிவரிக்கு முன்னாடி நானே ஃபினிஷிங் பாக்கறேன்."

"எல்லா வண்டிக்கும்?"

அண்ணன் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். கையில் பெயின்ட் எதுவும் இல்லை.

"அந்த நாலுக்கும்?"

அவன் துடைத்துக்கொண்டே இருந்தான்.

மூன்று மாதமாகத் தன் கையையே சந்தேகப்பட்டிருந்தாள். அழுகை வரும் என்றுதான் நினைத்தாள். வந்தது கோபம். உப்புத்தாளை எடுத்தாள்.

"என் பெயின்ட்ல கை வைக்காதே!"

"வைப்பேன்."

நறநறவென்று தேய்த்தாள். தேவைக்கு இரண்டு மடங்கு இடத்தை, வேண்டுமென்றே தேய்த்தாள். வயரை வைத்து போல்ட்டை முடுக்கி, மேலே கிரீஸ் அப்பினாள். "துருவுக்கு இது போதும். உன் பிரஷ் இந்தப் பக்கம் வரக் கூடாது."

பாட்டை முழுசாக ஏற்றினார் டாக்டர். அலமாரியில் அண்ணனின் பெயின்ட் டப்பாக்கள் குதித்தன. சிவப்பு விளக்கு எரியவே இல்லை. டாக்டர் ஜன்னல் வழியாக என்னவோ சொன்னார். ஒரு வார்த்தை காதில் விழவில்லை. பாட்டை நிறுத்தாமலே கிளம்பிப் போனார்.

தெரு அமைதியானதும் அண்ணன் தொண்டையைக் கனைத்தான். "சரி, விடு. நாற்காலியைத் திருப்பிக் குடுத்துடறேன்."

"எதுக்கு? நல்ல நாற்காலி." அவள் முன்னறைக்குப் போய் அதன் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தெறிந்து, அவன் பக்கமாகச் சுழற்றி நிறுத்தினாள். "போனுக்குன்னுதானே வாங்கினே? உட்காரு. நாலு பேருக்கும் போன் போடு. வயர்ல தப்பு இல்ல, என் பிரஷ்லதான் தப்புன்னு உன் வாயால சொல்லு."

"அவங்க என்னம்மா நினைப்பாங்க?"

"என்னைப் பத்தி மூணு மாசமா என்ன நினைச்சாங்களோ, அதான்."

அண்ணன் உட்கார்ந்தான். நம்பரை அழுத்தினான். மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். அவன் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தான்.

"கேக்கல," என்றாள் அவள், மேசையில் கையூன்றி நின்று. "சத்தத்தைக் கூட்டு."