வாய்க்கு வராத பேர்

கோதண்டம் என்று ஊரே கூப்பிடும். அவனைப் பெற்றவளும் கட்டிக்கொண்டவளும் மட்டும் அந்தப் பேரைச் சொன்னதில்லை. தாய் வேம்புலியம்மாளுக்கு அது மாமனாரின் பேர். குலத்தில் பேர் நிலைக்கட்டும் என்று பிள்ளைக்கு வைத்தார்கள். அன்றிலிருந்து அவள் மகனை "நைனா" என்றுதான் அழைத்தாள். மனைவி கன்னியம்மாளுக்கு அது புருஷன் பேர். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று கல்யாணத்துக்கு முன்பே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மார்கழி பஜனையில் ராமர் வில்லின் பேராக அந்தச் சொல் வரும் அடிக்கு உதட்டை மூடிக்கொண்டு, அடுத்த அடிக்குத்தான் அவள் சேர்ந்து பாடுவாள்.

உலகச் சண்டைக் காலம். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காகக் கிடங்குகள் எழும்பிக்கொண்டிருந்தன. திருநின்றவூரிலிருந்து கோதண்டம் ஒருவன்தான் அங்கே வேலைக்குப் போய்வந்தான். சாரம் சரிந்து ஆட்கள் அடியில் சிக்கிக்கொண்டார்கள் என்று ரயிலில் வந்த ஒருவர் சொல்ல, மாமியாரும் மருமகளும் போட்டது போட்டபடி ஓடினார்கள்.

கிடங்கு வாசலில் குமாஸ்தா ஜானகிராமன் மேசை போட்டு உட்கார்ந்திருந்தான். அடிபட்டவர்களை லாரியில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்போவதாகவும், அவர்கள் பேரைச் சொல்லுகிற சொந்தக்காரர்களைத்தான் உள்ளே விட உத்தரவு என்றும் சொன்னான்.

கன்னியம்மாள் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் மருமகளைப் பார்த்தாள்.

"எங்க ஊட்டுக்காரரு, சாமி."

"ஊட்டுக்காரருக்குப் பேரு கெடையாதா?"

"ராமரு கையில கீதே, அது."

பக்கத்தில் நின்ற கொத்தனார் துலுக்கானம், "அம்பா, வில்லா? எந்த ஊர்ல வில்லுன்னு பேரு வெக்கிறான்?" என்றான். சிலர் சிரித்தார்கள். பின்னால் நின்ற ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கும் அதே சங்கடம் போலும்.

ஜானகிராமன் "ராமன்" என்று தானே முடிவுகட்டினான். அவன் குரல் தணிந்தது. ராமன் என்ற ஒருவனைக் கொட்டகையில் கிடத்தியிருப்பதாகச் சொன்னான்.

வேம்புலியம்மாள் கொட்டகை வரைக்கும் நடக்கவில்லை. பாதியிலேயே மார்பில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கன்னியம்மாள் போனாள். கோணியை விலக்கிக் காட்டினார்கள். நரைத்த மீசை, யாரோ. அவளுக்குப் போன உயிர் திரும்பியது. எவளோ ஒருத்தியின் தாலி போனதைப் பார்த்துத் தான் மூச்சுவிட்டோமே என்று உடனே வெட்கமாகவும் இருந்தது.

வெளியே வந்தபோது லாரி உறுமிக்கொண்டிருந்தது. பின்பலகையை ஏற்றிக் கட்டினார்கள். சொன்னால் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் யாருமற்றவனாகப் போய்விடுவான். எது பெரிய பாவம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அத்தே, சொல்லட்டா?"

வேம்புலியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கன்னியம்மாள் மேசைக்கு வந்தாள். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை, "கோதண்டம். எம் புருசன் பேரு கோதண்டம்," என்றாள்.

ஜானகிராமன் எழுந்து லாரியை நிறுத்தச் சொல்லிக் கையை வீசினான். பலகையை இறக்கி இருவரையும் ஏற்றிக்கொண்டார்கள்.

கோதண்டம் லாரிக்குள் தலைக்கட்டோடு கிடந்தான். கூட வந்த கம்பவுண்டர் சம்பத், நினைவு தப்பவிடக் கூடாது, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கவேண்டும் என்றான். கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் அவன் ஆயுசில் ஒரு நாள் உதிர்வதுபோல இருந்தது. நிறுத்தினால் இமை இறங்கியது, மறுபடி கூப்பிட்டாள். வேம்புலியம்மாள் காது மறைய முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, மகனின் காலைப் பிடித்தபடி குனிந்திருந்தாள்.

திருமுல்லைவாயில் போயிற்று. அம்பத்தூரில் கன்னியம்மாளின் தொண்டை கட்டிக்கொண்டது.

வேம்புலியம்மாள் நிமிர்ந்தாள். முந்தானை தோளில் விழுந்தது.

"இன்னாத்துக்கு நிறுத்திட்ட? கூப்புடு."

"கோதண்டம்."

"ஒரக்கக் கூப்புடுடி. புள்ளைக்குக் கேக்கல."

கன்னியம்மாள் எச்சிலை விழுங்கிக்கொண்டு, இரைச்சலுக்கு மேலே எழும்பும்படி கூப்பிட்டாள். அவன் உதடு அசைந்தது.

"ம்," என்றான்.

அவள் மறுபடி கூப்பிட்டாள்.