கோல்கீப்பர் வந்திருக்கார்

மூன்றாவது மாடிக்கு ஏறியதில் வலது முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. பத்து வருடம் கோல் காத்த கால். இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகு கிளப் அவனைக் கைகழுவிவிட, விளையாட்டு வீரர் கோட்டாவில் போலீஸ் வேலை கிடைத்தது. வீடு தேடிப்போய்ச் சாவுச் செய்தி சொல்லும் வேலை மட்டும் எப்படியோ அவன் தலையிலேயே விழுந்தது. "தெரிஞ்ச மூஞ்சிய்யா உனக்கு. ஜனங்க கொஞ்சம் நிதானமா கேப்பாங்க" என்பார் இன்ஸ்பெக்டர். இது ஐந்தாவது வீடு. நின்றபடியே, எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். உட்கார்ந்துவிட்டால் நாக்கு எழாது. முந்தைய நான்கு வீடுகளில் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

கதவைத் திறந்த பெரியவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே மகள், நர்ஸ், காலையில் டியூட்டி முடிந்து திரும்பும்போது ஸ்கூட்டரில் லாரி மோதி இறந்துபோயிருந்தாள்.

"ஐயா, உங்க பொண்ணு..."

"நீங்க அந்த கோல்கீப்பர்தானே!" பெரியவரின் முகம் மலர்ந்துவிட்டது. "பொண்ணா வரச்சொன்னா? ஆஸ்பத்திரில பாத்தீங்களா? கள்ளி, ஒரு வார்த்த சொல்லல பாருங்க!" உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டுக் கத்தினார். "ஏய், யாரு வந்திருக்காங்கன்னு வந்து பாரு!"

ஆஸ்பத்திரியில்தான் பார்த்தான். பிணவறையில். அதைச் சொல்வதற்குள் அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய் நாற்காலியில் அழுத்தி உட்காரவைத்துவிட்டார்.

"ஃபைனல்ல அந்த பெனால்ட்டி! இடது பக்கம் பாஞ்சீங்களே, அப்பா! என் பொண்ணு டிவிய கட்டிப்புடிச்சு அழுதா சார்."

அவன் பாய்ந்தது வலது பக்கம். முழங்கால் போனதும் அந்தப் பாய்ச்சலில்தான்.

"இருங்க, அவளுக்கு ஒரு போன் போடுறேன். இப்ப வந்துருவா."

பெரியவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தார். அவன் சட்டைப்பையில் மணி அடித்தது.

"உங்களுக்கும் போன் வருது பாருங்க. எடுங்க சார், பரவால்ல."

எடுத்தான். பிளாஸ்டிக் உறைக்குள், விரிசல் விட்ட திரையில், 'அப்பா' என்று மின்னிக்கொண்டிருந்தது. பெரியவர் அதைப் பார்த்தார். சிரிப்பு முகத்தைவிட்டுப் போக நேரமெடுத்தது. அவன் எழுந்து தொப்பியைக் கழற்றினான்.

"காலைல லாரி மோதிருச்சுங்கய்யா. அந்த இடத்துலயே... உங்க பொண்ணு இறந்துட்டாங்க."

பெரியவர் அழவில்லை. அழைப்பைத் துண்டிக்கவும் இல்லை. அது தானாக அடித்து ஓய்ந்த பிறகு, உள்ளறைப் பக்கம் கண்ணைக் காட்டி, "அவகிட்ட நீங்க சொல்லாதீங்க. நான் சொல்லிக்கறேன்" என்றார், ரகசியம் பேசுவதுபோல.

பெண்ணின் அம்மா முகம் கழுவி, அவசரமாகத் தலைவாரிக்கொண்டு வந்தாள். காதோரம் இன்னும் ஈரம்.

"ஒரு போட்டோ எடுத்துக்கலாமா தம்பி? அவளுக்கு அனுப்பினா குதிப்பா."

அவன் பெரியவரைப் பார்த்தான். அவர் தலையை லேசாக அசைத்தார். அம்மா அவன் பக்கத்தில் வந்து நின்று, பல் தெரியாமல் சிரித்தாள். பெரியவர் இரண்டு கைகளாலும் போனை முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

"ஏங்க, கை ஆடுது பாருங்க" என்றாள் அவள். "நல்லாப் புடிங்க."