சாவு அன்று கிளம்பிய படகுகள்

சந்தியா கணவனின் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தபோது கரையில் முதல் மோட்டார் உறுமியது. அவள் கை நின்றுவிட்டது. மீனவக் குப்பத்தில் சாவு விழுந்தால் பிணம் எடுக்கும்வரை ஒரு படகும் தண்ணீரில் இறங்காது. குடித்துச் செத்தவனுக்கும், பெண்டாட்டியை அடித்தே கொன்றவனுக்கும்கூட அந்த மரியாதை உண்டு. இன்னொரு மோட்டார் கேட்டது. அப்புறம் வரிசையாக.

“நைனாவுக்கு மட்டும் இல்லையாம்மா?” என்றாள் மகள் ஷாலினி.

சந்தியா முடிச்சை இறுக்கினாள்.

உதயகுமார் வரலாற்று வாத்தியார். “ராஜாக்கள் கதை புஸ்தகத்துல இருக்கு. நம்ம ஊர்க் கதைய வீட்டுல கேட்டுனு வாங்க” என்று பிள்ளைகளிடம் சொன்னார். அவ்வளவுதான் அவர் செய்தது. கையால் இறால் பிடித்தவர்களின் குடிசைகளைக் கொளுத்தி விரட்டித்தான் ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துப் பக்கத்தைப் பிடித்தோம் என்று, கொளுத்திய குப்பத்துக் கிழவர்களே பேரப்பிள்ளைகளிடம் பெருமையடித்திருந்தார்கள். பிள்ளைகள் அதைப் பள்ளி விழாவில் மைக்கில் சொன்னார்கள். விரட்டப்பட்டவர்கள் கேள்விப்பட்டு இடத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கிழவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாத்தியார் வீட்டை ஊர் தள்ளிவைத்தது. நேற்று ராத்திரி அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது குப்பத்து ஆட்டோ வரவில்லை. விடியும்போது உயிர் போய்விட்டது.

வெயில் ஏறியது. ஊரில் மீனுக்கெல்லாம் ஐஸ் இருந்தது. அவருக்குக் கொடுக்க ஆளில்லை. வாடை மெல்ல ஆரம்பித்தது.

சுண்ணாம்புக்குளத்துப் பக்கமிருந்து பெரியசாமி மூன்று பேரோடு வந்தார். கையால் இறால் பிடிக்கிறவர். சின்ன வயதில் எரிந்த குடிசையிலிருந்து ஓடியவர்களில் ஒருவர்.

“நாங்க தூக்குறோம்மா. எங்க கதைய வாயத் தொறந்து சொன்னவரு ஸாரு.”

பின்னாலேயே குப்பத்துத் தலைவர் துளசிங்கம் வந்து நின்றார்.

“தூக்கட்டும். தூக்கினு போறவன் அப்படியே உன்னையும் உம்பொண்ணையும் கூட்டினு போயிடட்டும்.”

“மாமா…”

“இன்னா மாமா? உம்புருசன் சொல்லிக் குடுத்தது பொய்னு ஒரு வார்த்த சொல்லு. இப்பவே கரையில கொடி ஏத்துறேன், படகெல்லாம் திரும்பிரும். ஊரே வந்து தூக்கும். மேளம் வெப்போம். நாங்க இன்னா மிருகமா?”

வெளியே யாரோ சிரித்தார்கள்.

ஷாலினி அம்மாவின் கையைப் பிடித்தாள். “சொல்லாதம்மா.”

சந்தியா மகளைப் பார்த்தாள். இருப்பது இந்த ஒரு வீடு. நாளைக்கும் இவள் இந்த ஊர்க் குழாயில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். கையை உதறிக்கொண்டாள்.

“பொய்தான்.”

துளசிங்கம் பெரியசாமியைக் காட்டினார். “அவன் காதுல வுழணும்.”

“அவர் சொல்லிக் குடுத்தது பொய். அங்க குடிசையே இல்ல. யாரும் கொளுத்தல.”

கேட்டதற்கு மேலேயே சொல்லிவிட்டாள்.

பாடைக்காகத் தோளில் மடித்துப் போட்டிருந்த துண்டை எடுத்து பெரியசாமி இடுப்பில் கட்டிக்கொண்டார். சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் போவதுதான் முறை. அப்படியே போனார்.

கரையில் கறுப்புக்கொடி ஏறியது. மோட்டார் சத்தங்கள் நெருங்கி வந்து ஒவ்வொன்றாக அடங்கின. ஈர லுங்கிகளோடு ஆட்கள் வந்து மூங்கில் வெட்டினார்கள். ஒருவன் கூடை நிறைய ஐஸ் கொண்டுவந்து வைத்தான். அதில் மீன் செதில்கள் ஒட்டியிருந்தன.

சந்தியா குத்துக்காலிட்டு, செதில்களைத் துடைத்துத் துடைத்து, ஐஸைக் கணவனின் இரு பக்கமும் அடுக்கினாள். ஷாலினி உதவிக்கு வரவில்லை.