ஐந்து மில்லி தண்ணீர்

எங்கே எழுதியிருக்கு என்று கேட்டாரே, அதுதான், அதைத்தான் அவளால் மெல்லவும் முடியவில்லை விழுங்கவும் முடியவில்லை... ஐந்து நாள் குழந்தை, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாய்கள் இரண்டும் இடம் மாறிப் பிறந்திருக்கிறது, இன்றைக்குப் பதினோரு மணிக்கு நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள், பிழைக்குமா என்று கேட்டால் டாக்டரே மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறார், அப்படிப்பட்ட குழந்தையைப் பெற்ற தகப்பன் நேற்று சாயங்காலம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு கேட்கிற கேள்வியா அது, "கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுத்ததா வேதத்துல எங்கே எழுதியிருக்கு சிஸ்டர், ஒரே ஒரு வசனம் காட்டுங்க." கக்கத்தில் ஜிப் வைத்த தோல் உறை, உள்ளே வேதப்புத்தகம், பக்கம் பக்கமாக மஞ்சளும் பச்சையும் கோடு. இந்தப் பிரிவில் பதினெட்டு வருஷமாகச் செவிலியாக இருக்கிறாள், அழுகிற தகப்பனைப் பார்த்திருக்கிறாள், மயங்கி விழுந்தவனைப் பார்த்திருக்கிறாள், ஆதாரம் கேட்கிறவனை இப்போதுதான் பார்க்கிறாள். வசனம். அவருக்கு அவள் வைத்த பெயர் அது, வசனம் வந்தாச்சு, வசனம் காபி குடிக்கப் போயாச்சு. அவளும் சும்மா விடவில்லை, வீட்டோடு எல்லாரும் முழுக்குப் பெற்றார்கள் என்று இருக்கிறதே சார், வீடு என்றால் அதில் குழந்தை இருக்காதா என்று கேட்டாள், அதற்கு அந்த மனுஷன் கண் சிமிட்டாமல், "அந்த வீட்டுல கைக்குழந்தை இருந்துச்சுன்னு எழுதியிருக்கா?" என்கிறார். எழுதியிருக்கா, எழுதியிருக்கா... அறுவை சிகிச்சைக்குச் சம்மதப் படிவம் நீட்டினார்களே, மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாரே, அது எந்த அதிகாரத்தில் எத்தனையாவது வசனத்தில் எழுதியிருந்ததாம்?

மணி ஒன்பதரை. மருந்து பம்பில் அளவு சரி, இன்குபேட்டரின் சூடு சரி, உதட்டின் நீலம் ராத்திரி இருந்த அளவுக்கே, கூடவும் இல்லை குறையவும் இல்லை, மணிக்கட்டில் கட்டிய பட்டையில் தாயின் பெயரும் பிள்ளையின் எடையும் மட்டும், பெயர்கூட வைக்கவில்லை... இந்த முழுக்குச் சபைக்காரர்கள் எல்லாரும் ஒரே அச்சுதான், அவளுடைய அண்ணனும் இப்படித்தான் ஆனான், நாற்பத்திரண்டு வயதில் யாரோ ஒருவருடைய பண்ணை வீட்டு நீச்சல் குளத்தில் வெள்ளை அங்கி போட்டு முங்கி எழுந்து, மூக்கில் ஏறின தண்ணீரைச் சிந்தியபடியே அம்மாவிடம் வந்து, "நீ எனக்குக் குடுத்தது ஞானஸ்நானமே இல்லம்மா, தலையை நனைச்சது, அவ்ளோதான்" என்றான், அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. பாவி. பன்னிரண்டாம் வகுப்பில் தமிழிலேயே தவறினவன், இன்றைக்கு வேதத்துக்கு விளக்கம் சொல்கிறான், குருவும் வேண்டாம் ஆயரும் வேண்டாம், நானும் புத்தகமும் போதும் என்கிறான், சரி, புத்தகம் வானத்திலிருந்து பைண்டு போட்டு விழுந்ததா, எது உள்ளே எது வெளியே என்று உட்கார்ந்து முடிவு பண்ணினது யாரு, சபைதானே, அதில் ஏழு புத்தகத்தைக் கழற்றி வைத்துவிட்டு மிச்சத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நமக்கே பாடம் நடத்துகிறார்கள்... என்ன தைரியம் இவர்களுக்கு!

தன் கத்தோலிக்கப் பக்கத்து ஆட்கள் மட்டும் என்ன வாழ்ந்தது. நேற்று ராத்திரி இவள் பணி முடித்துக் கிளம்பும்போது குழந்தையின் அம்மா சக்கர நாற்காலியில் வந்தாள், தையல் வலியில் குனியவும் முடியாமல் நிமிரவும் முடியாமல், "அக்கா, அவருக்கு இது பிடிக்காது, ஆனா இவன் இப்படியே போயிட்டா நான் என்னக்கா பண்ணுவேன், எப்படியாவது..." என்று கையைப் பிடித்தாள். உடனே இவள் பங்குச் சாமியாருக்குப் போன் போட்டாள். ஆபத்து என்றால் ஞானஸ்நானத்தை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று மேடையில் பிரசங்கம் பண்ணுகிற வாய், போனில் எப்படி இழுத்தது, "கொடுக்கலாம்மா... கொடுக்கலாம்தான்... ஆனா அப்பா ஒத்துக்கலன்னா நாளைக்குப் பிரச்சனை ஆயிடும், ஆயர் இல்லத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேனே." கேட்டுவிட்டுச் சொல்வாராம், ஆயர் இல்லம் எட்டரைக்குத்தான் திறக்கும், திறந்து ஒரு மணி நேரம் ஆகியும் போன் வரவில்லை. ஒருவருக்கு வசனம் இல்லாமல் மூச்சு விடத் தெரியாது, இன்னொருவருக்கு முத்திரை இல்லாமல் கை நீளாது, நடுவில் இரண்டே முக்கால் கிலோவில் ஒரு பிள்ளை நீலம் பாரித்துக் கிடக்கிறது... தூ!

அதனால்தான் அவள் கொடுத்துவிட்டாள். ஆமாம், கொடுத்தாயிற்று, காலை ஆறேகாலுக்கு, ராத்திரிப் பணிக்காரி பதிவேட்டை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பின கையோடு. ஐந்து மில்லி சிரிஞ்சில் சுத்திகரித்த தண்ணீர், வெதுவெதுப்பாக, தலைக்கடியில் பஞ்சு, இன்குபேட்டரின் பக்கத் துளைக்குள் கையை விட்டு நெற்றியில் மூன்று தடவை, பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று பெயரையும் சொல்லி. அரை நிமிஷ வேலை. மேட்ரனுக்குத் தெரிந்தால் வேலை போகும், வசனம் புகார் எழுதினால் நிச்சயம் போகும், அந்த மனுஷன் பக்கம் பக்கமாக எழுதுவார், அடிக்கோடு வேறு போடுவார், அது தெரிந்தும் செய்தாள். செய்ததோடு இல்லை, உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி, இப்ப என்ன பண்ணுவே, இதைக் கழுவ உன் புத்தகத்துல எங்கே எழுதியிருக்கு என்று... சிரிப்புக்கூட வந்தது. தாயிடம் இன்னும் சொல்லவில்லை, வலிக்கு ஊசி போட்டு அசந்து தூங்குவதாகச் சொன்னார்கள், பத்து மணிக்குப் போய்க் காதோடு சொல்ல வேண்டும்.

கண்ணாடியை யாரோ விரலால் தட்டினார்கள். வசனம். பச்சை மேலங்கியை முன்பின் மாற்றிப் போட்டுக்கொண்டு, காலுறை ஒன்று கழன்று, சரி, இன்றைக்கு எந்த அதிகாரமோ என்று அவள் மனதுக்குள் இடுப்பை வரிந்து கட்டிக்கொண்டுதான் கதவைத் திறந்தாள். கக்கத்தில் தோல் உறை இல்லை. ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த முகம். "சிஸ்டர், ஒரு நிமிஷம்... அவ ராத்திரி பூரா அழுதா, அஞ்சு மணிக்குத்தான் தூங்கினா," என்றார், அப்புறம் குழந்தையைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார். "எனக்கு இதுல விசுவாசம் இல்ல. வேதத்துல இல்ல, இல்லாததை இருக்குன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா அவளுக்கு இருக்கு. நீங்க அவ சபைதானே... குடுத்துடுங்க சிஸ்டர்." அவள் கதவை இன்னும் கொஞ்சம் திறந்து வழிவிட்டாள். "நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன், பாத்தா வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டேன்," என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை, திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

இப்போது என்ன செய்வது... கை தானாகச் சிரிஞ்சை எடுத்தது, தண்ணீரை இழுத்தது, ஐந்து மில்லி, குமிழியைத் தட்டி வெளியேற்றியது, கைக்குப் பழக்கம், மூளைக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை. ஒரு தடவை கொடுத்தது கொடுத்ததுதான், மறு தடவை கொடுக்கக் கூடாது, கொடுத்தாலும் அது வெறும் தண்ணீர், ஏற்கெனவே ஆயிடுச்சு சார், வெளியே போய் உட்காருங்க என்று சொல்லிவிடலாமா, எப்போ ஆச்சு என்பாரே, ஆறேகாலுக்கு, உங்களுக்குத் தெரியாம, உங்களை ஜெயிக்கிறதுக்காக... ஜெயிக்கிறதுக்காகவா, இல்லை, அந்தத் தாய்க்காகத்தான், குழந்தைக்காகத்தான், சத்தியமாக... பாவிப் பயல், மேலங்கியின் நாடாவைக்கூடச் சரியாகக் கட்டவில்லை, அவர் முதுகு லேசாக ஆடுகிறது, ஜெபிக்கிறாரா அழுகிறாரா, இதைச் செய்ய அந்த ஆளுக்கு எத்தனை வசனத்தை விழுங்க வேண்டியிருந்திருக்கும், தான் எதை விழுங்கினோம்? திருச்சபை என்ன நினைத்து ஊற்றுகிறதோ அதையே நினைத்து ஊற்ற வேண்டும், அப்போதுதான் அது திருமுழுக்கு, பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதான், தண்ணீரும் வார்த்தையும் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அவள் என்ன நினைத்தாள்? ஆறேகாலுக்கு அந்த நெற்றி நனைந்தபோது குழந்தை முகத்தைச் சுளித்ததா, கண்ணைத் திறந்ததா, அழுததா... எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. ஞாபகம் இருப்பதெல்லாம் கண்ணாடிக் கதவுதான், அதன் வழியாக அவர் வந்து பார்த்தால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்ததுதான். வராந்தாவில் அறுவை அரங்கிலிருந்து தள்ளுவண்டி வருகிற சத்தம் கேட்டது, "ஆச்சா சிஸ்டர்?" என்று அவர் திரும்பாமலே கேட்டார், அவள் துளைக்குள் கையை விட்டு முதல் தடவையாக, உதட்டின் நீலத்துக்காக இல்லாமல், குழந்தையின் முகத்தைப் பார்த்தாள், அது விழித்துக்கொண்டுதான் இருந்தது.