டிரைவர் சீட்டுக்கு அடியில்

ராமானுஜத்தின் அம்பாசடர் அந்தச் சனிக்கிழமை காலையில் ஏசுதாஸின் ஷெட்டில் நான்கு மரக்கட்டைகள்மேல் ஏறி நின்றது. செங்கல்பட்டு வட்டாரத்தில் பழைய வண்டி வைத்துக்கொண்டு அவஸ்தைப்படுகிறவர்களுக்கெல்லாம் மெக்கானிக் ஏசுதாஸ்தான் கதி. ராமானுஜம் பெஞ்சு நுனியில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்த தாளைப் பிரித்துப் பார்த்தார். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எதையும் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்தால்தான் அவருக்கு மனசு நிற்கும். இடது பக்கம் ரிப்பேர் செலவு, வலது பக்கம் விற்றால் கிடைக்கும் விலை. பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக இடது பக்கம் கனத்திருந்தது.

ஆனால் வண்டி வேண்டுமே. மகள் சாருலதாவுக்கு ஏழாம் மாதம். அன்று மத்தியானம் மாப்பிள்ளை ஹர்ஷவர்தன் அவளைக் கேளம்பாக்கத்திலிருந்து தன் ஃபியட்டில் கூட்டிவந்து மாமல்லபுரத்தில் பிறந்த வீட்டில் விடப்போகிறான். பிரசவம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில். வலி எடுத்தால் அத்தனை தூரம் கொண்டுபோக வாசலில் ஒரு வண்டி நிற்க வேண்டும்.

ஹர்ஷாவின் ஃபியட்டும் கிழடுதான். தீபாவளிக்கு வந்தபோது அதை விற்றுவிட்டுக் கடனில் புதுசு வாங்கப்போவதாகச் சொன்னான். ராமானுஜம் விடுவாரா? தாளை எடுத்துக் கோடு போட்டு, வட்டி கட்டுவதைவிட ரிப்பேர் செய்து ஓட்டுவதே லாபம் என்று நிரூபித்துவிட்டார். மாமனாரிடம் கணக்கில் தோற்பதுதான் மாப்பிள்ளைக்கு மரியாதை. ஹர்ஷாவும் சிரித்துக்கொண்டே தோற்றான்.

அம்பாசடருக்குத்தான் இரண்டு வருஷமாக ஏதோ பிடித்திருந்தது. வாசலில் நிறுத்திய இடத்தில் முதலில் சொட்டுச் சொட்டாகக் கறை விழுந்தது. பிறகு ஒருநாள் திருக்கழுக்குன்றம் தேரடியில், மிதித்த பிரேக் சொதசொதவென்று உள்ளே போனது. எதிரே வந்த எருமைக்கு நல்ல மனசு, ஒதுங்கிக்கொண்டது. போன மாதம் ரயில்வே கேட் மூடியிருந்ததைப் பார்த்து அவர் காலை அழுத்தியபோது, வண்டியின் மூக்கு வழக்கம்போலத் தாழ்ந்தது. தாழ்ந்த வேகத்தில் உடனே நிமிர்ந்துவிட்டது. பிரேக் போய்விட்டது என்று புரிவதற்குள் கேட் கண்ணுக்கு முன்னால் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்து, ஒரு முழம் பாக்கியிருக்கையில் நிறுத்தினார்.

ஒவ்வொரு தடவையும் ஏசுதாஸ் எதையோ மாற்றி ஆயில் ஊற்றிக் கொடுத்தான். ஒவ்வொரு தடவையும் மனைவி சுந்தரவல்லி, "எந்தக் கொள்ளிக்கண்ணோ!" என்று தெருவையே ஒரு பார்வை பார்த்தாள். அவர் ஒவ்வொரு தடவையும் தாளில் இன்னொரு வரி எழுதினார்.

இன்னொரு விஷயமும் இருந்தது. வண்டி ஓட்டிவிட்டு இறங்கினால் அவர் பாதம் ஈரமாக இருக்கும். சித்திரை வெயிலிலும் அப்படித்தான். ஒழுகல் என்று வைத்துக்கொண்டால் செலவு, வேர்வை என்றால் செலவில்லை. அதனால் அது வேர்வைதான் என்று முடிவு கட்டியிருந்தார்.

"சாமி, இங்க வந்து பாரு," என்று வண்டிக்கு அடியிலிருந்து ஏசுதாஸின் குரல் கேட்டது.

ராமானுஜம் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குனிந்தார். ஏசுதாஸ் ஸ்க்ரூ டிரைவரால் அடித்தகட்டைக் கீழிருந்து குத்தினான். எந்தச் சத்தமும் இல்லை. டிரைவர் சீட்டருகே பாயைத் தூக்கிக்கொண்டு ஸ்க்ரூ டிரைவரின் நுனி மேலே எழும்பியது.

"கடல்காத்துன்னுதான் நானும் இத்தினி நாளா நெனச்சேன். கடல்காத்துன்னா வண்டி பூரா சமமா துருப்புடிக்கும். இது ஒரே எடத்துல தின்னுகினு கீது. இன்னாவோ கீது சாமி உள்ள."

வெளியே ஊர்ந்து வந்து கதவைத் திறந்து, சீட்டைக் கழற்றித் தரையில் போட்டான். பாயை உரித்தான். அடியில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று நசநசவென்று கிடந்தது. அதை எடுத்தால் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் இன்னும். ஏழெட்டு இருக்கும். பாதி முடிச்சுகள் வெறும் ஈரத்துணி. ராமானுஜத்துக்குப் பில்லி சூனியம் என்றுதான் முதலில் தோன்றியது. ஏசுதாஸ் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் காறித் துப்பினான்.

"உப்பு! கல்லுப்பு சாமி. யாரு வச்சது?"

ராமானுஜம் ஒரு முடிச்சைப் புரட்டினார். மஞ்சள் துணியின் ஓரத்தில் தையல் தெரிந்தது. அது சுந்தரவல்லியின் பழைய ரவிக்கைத் துணி.

"இந்த உப்பு மேலேர்ந்து தண்ணி வுட்டு வுட்டு, இந்த ஓட்ட வழியா நேரா இதும்மேல சொட்டிகீது," என்று கீழே ஓடிய குழாயைக் காட்டினான் ஏசுதாஸ். "பிரேக் ஆயில் போற பைப்பு. முன்னால வீலாண்ட இருந்தத மாத்தினேன், இத்த நான் பாக்கல, தப்புதான். நைசா மிதிக்கிற வரைக்கும் தாங்கும் சாமி. குறுக்க எவனாச்சும் வந்து, நீ பதறிப்போயி ஒரே மிதியா மிதிச்ச பாரு, அப்பதான் புட்டுக்கும்."

"ரிப்பேர் பண்ணினா?"

"அடித்தகடு பூரா வெட்டியெடுக்கணும். துட்டு தண்டம், ஒனக்கும் பேஜாரு. எம்பேச்சக் கேளு, காயலாங்கடைக்குப் போட்டுடு."

பதினைந்து வருஷ வண்டி. அதைக் கைவிடுவது பற்றி மாதக்கணக்காகக் குழம்பியவர், அந்த நிமிஷத்தில் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. வலியில் முனகும் சாருவைப் பின்சீட்டில் படுக்கவைத்துக்கொண்டு இதை ஓட்டிப் போகும் காட்சி மனசில் வந்து நின்றது. "போட்டுடுப்பா," என்றார். தாளைக் கிழித்துப் போட்டபோது, பெருமாள் கடைசி நிமிஷத்தில் கையைப் பிடித்து இழுத்துவிட்டார் என்று கண்ணில் நீரே வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. முடிச்சுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளிக்கொண்டு பஸ் ஏறினார்.

சுந்தரவல்லி மகளுக்காகப் புளியோதரை கலந்துகொண்டிருந்தாள். அவர் பையை அடுப்பு மேடையில் கவிழ்த்தார்.

"ஐயோ, இதை ஏன்னா எடுத்தேள்? வண்டி ஓட்டறவா காதுல விழுந்தாலே பலிக்காதும்பா. நீங்க கையால அள்ளிண்டு வந்திருக்கேளே!"

"எத்தனை நாளா நடக்கறது?"

"ரெண்டு வருஷமா. நீங்க அமாவாசைக்குத் தர்ப்பணம் பண்ணக் கடற்கரைக்குப் போவேளோன்னோ, அப்போ. உப்பு கரைஞ்சா திருஷ்டி கழிஞ்சதுன்னு அர்த்தம். அடுத்த மாசம் பார்த்தா முடிச்சுல ஒரு கல்லுகூட மிச்சமில்லை. அவ்வளவு கண்ணான்னு பயந்துபோய் ரெண்டா வெச்சேன். பிரேக் போச்சுன்னு நீங்க சொன்ன மாசம் மூணா வெச்சேன். பழசை எப்பவாவதுதான் எடுப்பேன்."

இந்த ஊர்க் காற்றில் மூடி போடாத ஜாடி உப்பே மூன்று நாளில் நீர்விட்டுக்கொள்ளும். தினமும் அந்த ஜாடியிலிருந்து அள்ளிச் சமைக்கிறவள் அவள். ராமானுஜம் ஏசுதாஸ் சொன்னதை அப்படியே சொன்னார். தகடு, ஓட்டை, குழாய், ஒரே மிதி. சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. தப்பு உறைத்துவிட்டது என்று அவருக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. ஆனால் அவள் அவரைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா... சாருவுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"என்னது?"

"அவா ஃபியட் வாங்கின நாள்லேர்ந்து வெக்கறா. நமக்கு முன்னாடியே, மூணு வருஷமா, மாசாமாசம். உண்டானதுலேர்ந்து வாராவாரம் வெக்கச் சொன்னேன். மாப்பிள்ளைக்குத் தெரியாது."

ராமானுஜம் ஃபோனிடம் ஓடினார். கேளம்பாக்கத்து வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஹர்ஷாவின் செல் அணைந்து கிடந்தது. பக்கத்து ஃப்ளாட்டுக்கு அடித்தபோது ராஜம் மாமி எடுத்தாள். "அவா கிளம்பி அரை மணி ஆச்சே மாமா. இன்னிக்கு முடிச்சைக்கூடப் பெரிசா கட்டிண்டு போனாளே உங்க பொண்ணு," என்று சிரித்தாள்.

செருப்புகூடப் போடாமல் இருவரும் கிழக்குக் கடற்கரைச் சாலைத் திருப்பத்துக்கு ஓடினார்கள். அரை மணி என்றால் நெம்மேலி தாண்டியிருப்பார்கள். தார் காலைச் சுட்டது. கார்களும் டூரிஸ்ட் பஸ்களும் சர் சர்ரென்று போயின. ஹர்ஷாவின் ஃபியட்டைப்போலச் சாம்பல் நிறத்தில் வந்த ஒவ்வொரு வண்டிக்கும் சுந்தரவல்லி ஓரடி முன்னே போய்விட்டுத் திரும்பினாள். தீபாவளிக்குத் தாளில் தான் போட்ட கோடு ராமானுஜத்தின் கண்ணுக்குள்ளேயே நின்றது. ஹர்ஷா விற்கிறேன் என்றானே. விற்றிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்?

வடக்கே வளைவில் ஃபியட் தெரிந்தது. நல்ல வேகம். பின்னாலேயே ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு ஒட்டிவந்தது.

சுந்தரவல்லி இரண்டு கையையும் தூக்கி, "நிறுத்துங்கோ! நிறுத்துங்கோ!" என்று அலறினாள். ராமானுஜமும் கையைத் தூக்கினார். தூக்கிய கை பாதியில் நின்றது. கையைக் காட்டினால் ஹர்ஷா பிரேக்கை மிதிப்பான். பதறினால் ஒரே மிதியாக மிதிப்பான்.

"கையை இறக்குடி! காட்டாதே!" என்று பாய்ந்து அவள் கைகளைப் பிடித்து அமுக்கினார். உச்சி வெயிலில், வெறுங்காலோடு, ரோட்டோரத்தில் இரண்டு கிழங்கள் கட்டிப் புரள்வதை எந்த மாப்பிள்ளை பார்த்தாலும் பதறாமல் இருப்பானா? முன்சீட்டில் சாரு வயிற்றில் ஒரு கை வைத்தபடி முன்னால் எக்கிப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது.

ஃபியட்டின் மூக்கு சட்டென்று தாழ்ந்தது. உடனே நிமிர்ந்தது.